நகராத முளைகள்

"உங்க மேல யாருக்கெல்லாம் சந்தேகம்?" என்று கேட்டார் இன்சூரன்ஸ் அம்மா.

"யாருக்கு இல்லைன்னு கேளுங்க மேடம், சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றாள் திட்ட அதிகாரி.

நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஆற்றைப் பார்த்த அறை அது. மேஜை முழுவதும் ஒரே வரைபடம் விரிந்து கிடந்தது. அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் ஸ்டேப்ளர், இன்னொன்றில் தண்ணீர் பாட்டில், மூன்றாவதில் சாவிக்கொத்து, நான்காவதில் ஆடை படிந்து ஆறிப்போன டீ. வரைபடத்தின் நடுவே நீலமாக ஆறு ஓடியது. அதன் இரண்டு பக்கமும் பச்சைப் பட்டை.

இன்சூரன்ஸ் அம்மா அந்தப் பட்டையை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். ஐம்பதைத் தாண்டிய, சற்றுப் பருமனான பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் க்ளெய்ம்களைப் பிடிப்பதே அவருக்கு வேலையாக இருந்தது. தானே தீ வைத்துவிட்டு அழுதவர்கள், தானே திருடிவிட்டுப் புகார் கொடுத்தவர்கள் என்று ஏராளமான பேரைப் பார்த்தவர். கம்பெனியை விட்டு வந்து தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அவருக்குப் பின்னால் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய உதவியாளன். ஊரில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. அவன் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"இந்தப் பச்சை எதுக்கு?" என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

"அதுதான் திட்டமே. ஆத்தங்கரையில மிச்சம் இருக்கிற நாணல், மரம், சதுப்பு எல்லாத்தையும் காப்பாத்த ஒரு திட்டம் எழுதணும்னு ஒரு அறக்கட்டளை எங்களுக்கு மானியம் குடுத்திருக்கு. பச்சைக்குள்ள எவனும் ஒரு செங்கல் வைக்க முடியாது."

"பச்சை எங்க முடியும்னு யார் முடிவு பண்றது?"

"தண்ணிதான். அளக்கிற அன்னைக்குத் தண்ணி எந்த இடத்துல கரையைத் தொடுதோ, அங்கிருந்து நூறு அடி. தண்ணி ஓரத்துல ஒரு முளைக்குச்சி, நூறடி தள்ளி ஒரு முளைக்குச்சி. தள்ளி இருக்கிறதுதான் எல்லை. தண்ணி ஓரத்து முளையை அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் பாக்கறது கூட இல்ல."

"பிரச்சினை எங்க?"

அவள் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டாள். ஆறு பெரிதாக வளையும் இடம். நாணல் முனை என்று எழுதியிருந்தது. பச்சைப் பட்டைக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல் ஒரு சதுரம்.

"இது ஒரு பழைய கிடங்கு. முதல்ல குத்துமதிப்பா வரைஞ்ச படத்துல பச்சைக்குள்ள இருந்தது. போன மாசம் அளந்து முளை அடிச்சதும் வெளிய வந்துடுச்சு. நான் முளையைப் பிடுங்கி ஆத்துப் பக்கமா தள்ளி நட்டுட்டேன்னு புகார்."

"நீங்க எதுக்குத் தள்ளணும்?"

அவள் ஆறிய டீயை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

"கிடங்கு எங்க அத்தானோடது. அக்கா வீட்டுக்காரர்."

ரேடியோ மெல்ல விசில் அடித்தான். "நான் போலீஸா இருந்தா இந்நேரம் லன்ச்சுக்குக் கிளம்பியிருப்பேன் மேடம். கேஸ் முடிஞ்சுது."

"அதனாலதான் உன்னைப் போலீஸ்ல எடுக்கல," என்றார் இன்சூரன்ஸ் அம்மா. பிறகு அவளிடம், "நீங்க நகர்த்தினீங்களா?"

"இல்ல."

"நகர்த்தச் சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"அளந்தவர் என்ன சொல்றார்?"

"அவர் வெளியூர். கான்ட்ராக்ட்ல வந்தார். எங்க ஆத்தையே அன்னைக்குத்தான் முதல்தடவையா பாத்தார். விதிப்படி அளந்தேன், விதிப்படி அடிச்சேன்னு சொல்றார். சாயங்காலம் கீழ ஹால்ல பொதுக்கூட்டம். அறக்கட்டளைக்காரங்களும் வர்றாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் கிடைக்கலைன்னா மானியம் திரும்பிப் போயிடும். என்னை சஸ்பெண்ட் பண்றதுக்கு ஆர்டர் ரெடியா இருக்குன்னு பியூன் வரைக்கும் தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "அம்மா போனதுக்கப்புறம் அக்காதான் என்னைப் படிக்க வச்சா. அவ முன்னாடி நான் திருடியா நிக்கக் கூடாது மேடம். வேலை போனாக்கூட வேற தேடிக்கலாம்."

இன்சூரன்ஸ் அம்மா எழுந்தார். பொய் சொல்பவர்கள் பொதுவாக வேலையைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவார்கள் என்பது அவர் அனுபவம். ஆனால் அனுபவத்தையும் அவர் முழுதாக நம்புவதில்லை.

வெளியே நடைபாதைச் சுவரில் திட்டத்தின் புகைப்படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அளவுக் குழு படகுத் துறையில் வரிசையாக நின்று சிரிக்கும் பெரிய படம் நடுவில் இருந்தது. 'கணக்கெடுப்பு தொடங்கிய காலை' என்று அடியில் ஒட்டியிருந்தது.

"ஆறு பேரு, ஒரு டேப்பு, ஆளுக்கொரு தொப்பி," என்றான் ரேடியோ. "தோத்துட்டு வந்த டீம் மாதிரி இருக்காங்க."

"தோத்தவங்க சிரிக்க மாட்டாங்க. நட."

*

அத்தான் படகுத் துறையில் இருந்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூ, முழங்கை வரை மடித்த சட்டை. தன்னுடைய நீலப் படகின் விலாவைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார். படகின் முன்பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது.

"வீட்டுக்காரி பேரு," என்றார், அவர்கள் பார்ப்பதைப் பார்த்து. "அவளுக்கு வாங்கித் தர்றதா சொல்லி எனக்கு வாங்கிக்கிட்டேன். வாங்க, வாங்க. எங்க மச்சினியைக் காப்பாத்த வந்தவங்க நீங்கதானே? நாணல் முனைக்கு ரோட்டுல போனா ஊரைச் சுத்தணும். நான் கொண்டு விடறேன், ஏறுங்க."

ரேடியோ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். படகு துறைக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. "என்ன சார், கயிறை இவ்ளோ குட்டையா கட்டியிருக்கீங்க? ஓடிப் போயிடுமா?"

"நீளமா விட்டா பக்கத்துப் படகுல போய் இடிக்கும் தம்பி. பெயின்ட் போயிடும். எங்க படகு கிளப்புல எவன் கயிறு நீளமா இருந்தாலும் நானே போய் இழுத்துக் கட்டிட்டு, அப்புறம் அவனுக்குப் போன் போட்டுத் திட்டுவேன். என்னைக் கண்டாலே பாதிப் பேருக்கு ஆகாது." அவர் பெருமையாகச் சிரித்தார்.

படகு கிளம்பியது. நல்ல வெயில். பேச்சில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லாத மனிதர். மச்சினியின் படிப்பைப் பற்றிச் சொன்னார். அவள் மேல் புகார் கொடுத்தவனைப் பற்றி இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இன்சூரன்ஸ் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். "அந்தக் கிடங்கு போனாத்தான் அவ பேரு தப்பும்னா போகட்டும்மா. நாளைக்கே எழுதிக் குடுக்கறேன்."

நாணல் முனை நெருங்கியதும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பைப் போட்டார். தண்ணீர் அங்கே கண்ணாடி போல் அசையாமல் கிடந்தது. நேராகப் போன படகு திடீரென்று இடது பக்கம் வளைந்தது. பிறகு நிமிர்ந்தது. சற்றுப் போய் மறுபடி வளைந்தது.

"சார், எதிர்ல பஸ்ஸு ஏதும் வருதா?" என்றான் ரேடியோ.

"அடியில பாறை. தெரியாதவன் வந்தா படகு கிழிஞ்சிடும்."

இன்சூரன்ஸ் அம்மா தண்ணீரைப் பார்த்தார். வளைந்த இடமும் வளையாத இடமும் ஒரே நிறமாக இருந்தன.

நாணலைத் தாண்டி, கரை செங்குத்தாக இருந்த இடத்தில் அவர்களை இறக்கிவிட்டு, அத்தான் படகிலேயே தங்கிவிட்டார். சேற்றில் கால் வைத்தால் ஷூ போய்விடுமாம்.

*

எல்லை முளைகள் நாணலுக்குப் பின்னால், மேட்டில், வரிசையாக நின்றன. தலையில் சிவப்புப் பெயின்ட். அவற்றுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றார். லாரியும் ஜல்லியும் வைத்துத் தொழில் செய்பவர். ஊர் அவரை ஜல்லிக்காரர் என்றே அழைத்தது. புகார் கொடுத்தவர் அவர்தான்.

"துப்பறிய வந்தீங்களா? துப்பறிய என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தார் அவர். "அங்க கீழ என் நிலம் இருக்கு. நூறடி பச்சைக்குள்ள போச்சு. சரி, போகட்டும், ஆத்துக்காகன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"மூடினீங்களா?" என்றான் ரேடியோ.

"கொஞ்ச நாள் மூடினேன்யா. அப்புறம் பாத்தா, இந்தம்மாவோட அத்தான் கிடங்கு மட்டும் குளிச்சு முழுகி வெளிய நிக்குது! எனக்கு ஒரு சட்டம், அவங்க வீட்டுக்கு ஒரு சட்டமா?"

இன்சூரன்ஸ் அம்மா முதல் முளையின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கொடி தரையிலிருந்து கிளம்பி முளையைச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியில் இரண்டு இலை விட்டிருந்தது. அடுத்த முளையிலும் அப்படித்தான். சுற்றிலும் பழைய குழி ஒன்றும் இல்லை. புல் ஒரே சீராக இருந்தது.

"இதை யாரும் பிடுங்கல," என்றார். "பிடுங்கி நட்டிருந்தா கொடி அறுந்திருக்கும்."

"முதல்லயே கிட்டத்துல அடிச்சிருந்தா?" என்றார் ஜல்லிக்காரர்.

"நல்ல கேள்வி. ரேடியோ, டேப்பை எடு."

முளையிலிருந்து தண்ணீரை நோக்கி அளந்தார்கள். கரை அங்கே தட்டுப் போலச் சரிந்து, சரிவதே தெரியாமல் தண்ணீருக்குள் போனது. டேப்பில் அறுபது அடி வருவதற்குள் ரேடியோவின் செருப்பு நனைந்துவிட்டது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" ஜல்லிக்காரர் கைதட்டாத குறை. "நூறடி எங்க? நாப்பதடியை முழுங்கிட்டாங்க! சாயங்காலம் ஹால்ல நீங்களே சொல்லுங்க, நீங்களே அளந்தீங்கன்னு சொல்லுங்க!"

இன்சூரன்ஸ் அம்மாவின் முகத்தில் மாற்றம் இல்லை. "ரேடியோ, பேன்ட்டை மடி."

"மேடம்?"

"டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நட. நான் நில்லுன்னு சொல்ற வரைக்கும்."

"எனக்கு நீச்சல் தெரியாது மேடம்."

"நடக்கத்தானே சொன்னேன்."

அவன் புலம்பிக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். தன் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை, தன் அம்மா தன்னை வங்கிப் பரீட்சை எழுதச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது; பிறகு ஆடுசதை; முழங்கால். டேப்பில் நூறு அடி வர இன்னும் ஓரடி இருக்கும்போது "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஒற்றைக் காலைத் தூக்கினான்.

"பாம்பா?" என்றார் ஜல்லிக்காரர்.

"குச்சி! பெருவிரல்ல இடிச்சிடுச்சு!" அவன் குனிந்து தோள் வரை நனைந்து தடவினான். "மேடம், முளைக்குச்சி. தலையில வழவழன்னு பெயின்ட். இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு. வரிசையா போகுது."

"பாறை ஏதாவது தட்டுப்படுதா?"

"பாறையா? மெத்தை மாதிரி சேறு மேடம். கூழாங்கல் கூட இல்ல."

ஜல்லிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "தண்ணிக்குள்ள போய் எதுக்கு முளை அடிச்சான்? அந்த ஆளுக்குக் கிறுக்கா?"

"அடிச்சப்ப அங்க தண்ணி இல்ல," என்றார் இன்சூரன்ஸ் அம்மா. "நீங்க சொன்ன நூறடி சரியா இருக்கு. முளை எதுவும் நகரல. ஆறுதான் நகர்ந்திருக்கு."

அவர் காற்றில் கையால் ஒரு சரிவை வரைந்து காட்டினார். மற்ற இடங்களில் கரை சுவர் மாதிரி. தண்ணீர் இறங்கினாலும் ஓரம் அங்கேயேதான் இருக்கும். நாணல் முனை மட்டும் தட்டை. தண்ணீர் கொஞ்சம் இறங்கினால் போதும், ஓரம் நாற்பது அடி உள்ளே போய்விடும். அங்கிருந்து நூறடி அளந்தால் கிடங்கு தப்பிவிடும். அளந்த வெளியூர்க்காரருக்கு அது வழக்கமான தண்ணீர் மட்டம் இல்லை என்று எப்படித் தெரியும்?

"மழை இல்லாம தானா இறங்கியிருக்கலாம்ல?" ஜல்லிக்காரருக்குத் தன் புகார் கைநழுவுவது பிடிக்கவில்லை.

"இருக்கலாம். அதைக் கேக்க வேண்டிய இடம் வேற."

ஈரம் சொட்ட ரேடியோ கரையேறினான். "வாங்க, படகுல போயிடலாம். சார் காத்துக்கிட்டு இருக்கார்."

"நடந்தே போவோம்."

"மேடம், ரோட்டுல போனா ஊரைச் சுத்தணும்னு அவரே…"

"அவர் நிறையச் சொன்னார். பாறை இருக்குன்னு கூடச் சொன்னார்."

ரேடியோ நின்றான். திரும்பி, படகு வளைந்து வளைந்து வந்த தண்ணீரைப் பார்த்தான். தன் பெருவிரலைப் பார்த்தான். பிறகு அவன் வாயே திறக்காமல் நடந்தது ஜல்லிக்காரருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்; ரொம்ப தூரம் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

*

மதகு ஆற்றின் கீழ்க்கோடியில் இருந்தது. ஷட்டர்களை இயக்கும் அறையில் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் பாதி உரித்த ஆரஞ்சு. கேள்வியைக் கேட்டதும் சுளையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆமா, அன்னைக்கு இறக்கினேன். நகராட்சியிலேருந்து போன் வந்தது. கணக்கெடுக்க ஆளுங்க தண்ணி ஓரமா இறங்கறாங்க, வழுக்கிடப் போகுது, ஒரு நாளைக்குக் கொஞ்சம் இறக்கி வைங்கன்னு. இந்த மாதிரி அடிக்கடி வரும்மா. எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"ஆம்பளை. ரொம்ப மரியாதையாப் பேசினார்."

"பேர் கேக்கலையா?" என்றான் ரேடியோ.

"நகராட்சின்னு சொன்னார். அதுக்கு மேல என்ன கேக்கறது?"

"எவ்வளவு இறக்கச் சொன்னார்?" என்றார் இன்சூரன்ஸ் அம்மா. "அதை அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "'படிக்கட்டுல இன்னும் ரெண்டு படி வெளிய தெரியற மாதிரி இறக்கினாப் போதும்மா'ன்னார்."

"நகராட்சிக்காரங்க இப்படித்தான் அளவு சொல்வாங்களா?"

"இல்லையே. அவங்க சென்டிமீட்டர்ல சொல்வாங்க. இந்த மீட்டர்ல பாத்துச் சொல்லச் சொல்வாங்க." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "படிக்கணக்கு கிளப்புக்காரங்க பேசறது. படகுத் துறைப் படியைக் கழுவணும்னா அவங்கதான் ஒரு படி இறக்கு, ரெண்டு படி இறக்குன்னு கூப்பிடுவாங்க."

ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "பொய் சொல்லக் கிளம்பினவன் பேரை மாத்தினான், ஆபீஸை மாத்தினான். அளவை மாத்த மறந்துட்டான்."

"கிளப்புல நிறையப் பேர் இருக்காங்க," என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

"கிளப்புக்காரங்களா?" அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "அவங்களா இருக்காதும்மா. அன்னைக்கு மத்தியானமே நாலஞ்சு பேர் இங்க வந்து என்னைப் பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. சொல்லாம கொள்ளாம தண்ணியை இறக்கிட்டியேன்னு. வழக்கமா முதல் நாளே அவங்களுக்குள்ள சொல்லிக்குவாங்க. எல்லாரும் வந்து கயிறைத் தளர்த்தி விட்டுட்டுப் போவாங்க. இல்லைன்னா தண்ணி இறங்க இறங்க, குட்டைக் கயிறுல படகு மூக்காலத் தொங்கும். அன்னைக்குத் தொங்கிச்சாம். ஒருத்தருக்குக் கயிறு கட்டற வளையமே பிய்ஞ்சு வந்துடுச்சாம்."

இன்சூரன்ஸ் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் ரேடியோவும் எழுந்துவிட்டான்.

"எங்க மேடம்?"

"உன் தோத்துப்போன டீமைப் பாக்கணும்."

*

நகராட்சி நடைபாதையில் ஆட்கள் நிறைந்துகொண்டிருந்தார்கள். ஹாலுக்குள் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். யாரோ மைக்கைத் தட்டினார்கள். திட்ட அதிகாரி அவர்களைக் கண்டதும் ஓடிவந்தாள். தண்ணீருக்கடியில் இருந்த முளைகளைப் பற்றி இன்சூரன்ஸ் அம்மா சொன்னபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ யாரும் எதையும் நகர்த்தல," என்றாள். கண் கலங்கியிருந்தது. "தண்ணி இறங்கியிருந்த நாள்ல அளந்துட்டோம். அவ்வளவுதான். திரும்ப அளக்கறோம்னு சொல்லிட்டா போதும். இல்லையா மேடம்? யார் மேலயும் தப்பு இல்ல."

"தண்ணி தானா இறங்கல. ஒருத்தர் இறக்கச் சொன்னார்." இன்சூரன்ஸ் அம்மா அவள் தோளைத் தொட்டு, சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின் பக்கம் திருப்பினார். "இது அன்னைக்குக் காலையில எடுத்தது. தண்ணி இன்னும் இறங்கல, பாருங்க. மேல்படியைத் தொட்டுக்கிட்டு இருக்கு. ஆட்களைப் பாக்காதீங்க. பின்னாடி இருக்கிற படகுகளைப் பாருங்க."

சிரிக்கும் ஆறு பேருக்குப் பின்னால் படகுகள் வரிசையாக நின்றன. எல்லாமே குட்டைக் கயிற்றில், கம்பத்தோடு கம்பமாக. கடைசிப் படகின் கயிறு மட்டும் தொய்ந்து, தண்ணீரில் இரண்டு வளையமாக மிதந்தது.

"தண்ணி இறங்கப்போகுதுன்னு கிளப்புல யாருக்கும் தெரியாது. மத்தியானம் எல்லார் படகும் மூக்காலத் தொங்கியிருக்கு," என்றார் இன்சூரன்ஸ் அம்மா. "ஒருத்தருக்கு மட்டும் காலையிலயே தெரிஞ்சிருக்கு. கயிறு நீளமா இருந்தா திட்டற மனுஷன், அன்னைக்குத் தன் கயிறைத் தானே நீளமா விட்டிருக்கார். தன் படகு தொங்கறதை அவரால தாங்க முடியல."

அவள் படத்துக்கு அருகே போனாள். நீலப் படகு. முன்பக்கத்தில் வெள்ளை எழுத்து. நடைபாதையில் தினமும் அதைக் கடந்துதான் அவள் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இது எங்கக்கா பேரு," என்றாள்.

"ஆமா."

"அவர் கிடங்கையே எழுதிக் குடுக்கறேன்னாரே. என்கிட்டயும் சொன்னார்."

"எங்ககிட்டயும் சொன்னார். படகுல வரும்போது தண்ணிக்கடியில இருக்கிற உங்க முளையையெல்லாம் பாக்காமலே சுத்தி வளைச்சு ஓட்டினார், அவ்வளவு மனப்பாடம். பாறைன்னு சொன்னார். அங்க பாறை இல்ல."

ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க திரும்ப அளக்கறோம்னு மட்டும் சொல்லலாம்," என்றார் இன்சூரன்ஸ் அம்மா. "அது பொய் இல்ல. உங்க பேரும் தப்பிடும், நாணல் முனையும் தப்பிடும். மீதியைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் ஹாலுக்குள்ள வர மாட்டேன்."

"அக்காவுக்கு இது தெரியாது," என்றாள் அவள். "தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. முதல்ல அவகிட்ட சொல்றேன். அத்தானை அவரே எழுந்து ஒத்துக்கச் சொல்லலாம். எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க."

அக்கா நடைபாதையின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தங்கை வருவதைக் கண்டதும் எழுந்து, அவள் காதோரம் விழுந்த முடியை ஒதுக்கினாள். "இப்படியேவா மேடையில ஏறுவ? நில்லு." தன் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். "பயப்படாத. அத்தான் முதல் வரிசையிலதான் உக்காந்திருக்கார். எவனாவது ஏதாவது பேசினா அவர் பாத்துக்குவார்."

"அக்கா, அன்னைக்கு மதகுக்குப் போன் பண்ணித் தண்ணியை இறக்கச் சொன்னது அத்தான்தான்."

ஹேர்பின்னோடு உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது.

"யார் சொன்னா உனக்கு?"

தங்கை காத்திருந்தாள். 'என்ன உளர்ற' என்றோ, 'நிஜமாவா' என்றோ இன்னொரு கேள்வி வரும் என்று நினைத்தாளோ என்னவோ. அக்காவின் கண்கள் ஹாலின் கதவுக்குப் போய்த் திரும்பின. வேறு கேள்வி வரவில்லை.

"யாரும் சொல்லலக்கா," என்றாள் தங்கை. "நீதான் இப்பச் சொன்ன."

அவள் அக்காவின் கையிலிருந்த பின்னை வாங்கிக்கொள்ளவில்லை. முடியைத் தானே காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.

இன்சூரன்ஸ் அம்மா சொன்னபடி வெளியிலேயே நின்றார். ரேடியோ மட்டும் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து பிடித்துக்கொண்டான். முதல் வரிசையில் அத்தான் கால்மேல் கால் போட்டு, மேடையைப் பார்த்து உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர்பின்னால் ஜல்லிக்காரர், சண்டைக்குத் தயாராக.

மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

"முளைகளை யாரும் நகர்த்தல," என்று அவள் குரல் வந்தது. "தண்ணியை இறக்கிட்டு அளக்க வச்சிருக்காங்க. இறக்கச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி, அவர் எனக்கு என்ன உறவுன்னு சொல்லிடறேன்."